இது பொது வழி அல்ல

சென்ற ஆண்டு டிசம்பர்த் திங்களில் நார்வே நாட்டிலிருந்து ஓர் அம்மையார் எங்கள் பங்கில் வாழும் தம் தங்கையின் வீட்டுக்கு வந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்; எண்பதுகளின் இறுதியில் போருக்கு அஞ்சி வெளியேறி, நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் பகுதியில் மீன் பதனிடும் ஆலையொன்றில் பல ஆண்டுகள் உழைத்து, இப்போது ஓஸ்லோ நகரில் குடியிருப்பவர். மாலைத் திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து, "சுவாமி, இஞ்ச கொஞ்ச நேரம் நடக்கிறதுக்கு எங்க போறது?" என்று கேட்டார்.

எளிய கேள்விதான். எனக்கு விடை கிடைக்கவில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலைக்கும் ஏரிக்கும் இடையே அமைந்த பங்கு எங்களுடையது. சாலையில் நடைமேடை இருந்த இடத்தில் கடைகளின் படிக்கட்டுகள் இருக்கின்றன. ஏரிக்கரையின் ஒரு பாதி வீடுகளாகிவிட்டது. மறு பாதியில் குப்பை. மலைப்பக்கம் போகலாம் என்றால் அது கல்லுடைத்த பள்ளம். விமானப்படைத் திடலுக்குள் செல்ல இயலாது, செல்லவும் கூடாது. கிறித்தவக் கல்லூரியின் காட்டுக்குள் காவலரைக் கேளாமல் நுழைய முடியாது. எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "அம்மா, மொட்டை மாடியில் நடங்கள்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அம்மையார் ஊருக்குத் திரும்புமுன் இரண்டு மூன்று மாலைகள் எங்கள் ஆலய வளாகத்தின் வேப்ப மரங்களுக்கு அடியில் நடந்தார். அப்போது அவர் கூறியவற்றைக் கேட்டபின், சில நூல்களையும் தேடிப் படித்தேன். அந்நாட்டைப் பற்றி நம்மவருக்குத் தெரிந்தது நள்ளிரவுச் சூரியனும் கடல் புகுந்த மலை இடுக்குகளும் நோபல் அமைதிப் பரிசும்தாம். மீனவ மக்களாகிய நம் பங்கினர் சிலருக்கு, 1952-இல் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே மீன்பிடித் திட்டம் நினைவிருக்கலாம். ஈழத்தமிழர்களுக்கோ தொடர்பு இன்னும் நெருக்கமானது. அந்தோனி இராசேந்திரம் என்பார் 1956-இல் அங்குப் போய்ச் சேர்ந்ததைத் தொடக்கமாகக் கொண்டு, இன்று ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. ஆனால் நான் சொல்ல வந்தது அவற்றையெல்லாம் அன்று.

அந்நாட்டில் 'அல்லெமன்ஸ்ரெட்டன்' என்றொரு வழக்கம் உண்டு. 'எல்லா மனிதருக்கும் உரிய உரிமை' என்று அதனைத் தமிழில் கூறலாம். காடு, மலை, புல்வெளி, கடற்கரை எவருக்குச் சொந்தமாயினும், பயிரிடப்படாத நிலமாயின் அதில் எவரும் நடக்கலாம், உரிமையாளரைக் கேட்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. நெடுங்காலமாய் வாய்மொழி வழக்கமாக இருந்ததை 1957-ஆம் ஆண்டின் சட்டம் எழுத்தில் வடித்தது. கூடாரம் அடித்து இரவு தங்கலாம். ஆனால் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஊருக்கு அருகே ஓரிடத்தில் இரண்டு நாள்களுக்கு மேல் தங்க வேண்டுமாயின் அனுமதி பெற வேண்டும். காட்டுப் பழங்களையும் காளான்களையும் பறித்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் தீ மூட்டலாகாது. பயிர் நிலத்தில் இந்த உரிமை இல்லை. ஆயினும் நிலம் உறைந்தோ பனி மூடியோ கிடக்கும் காலத்தில் அதிலும் நடக்கலாம். ஏப்ரல் 30 முதல் அக்டோபர் 14 வரை அதற்கும் தடை. பயிருக்கு ஊறு விளையாத பொழுதில் வரப்பு தேவையில்லை என்பதே அச்சட்டத்தின் எளிய அறிவு.

ஒரு விதி என்னை வியப்பில் ஆழ்த்தியது. வட மாவட்டங்களின் சதுப்பு நிலங்களில் 'முல்த்தே' எனப்படும் பொன்னிறப் பழம் விளைகிறது, விலை மிக்கது. அப்பழம் விளையும் தம் நிலத்தில் பிறர் பறிக்கக் கூடாதென்று உரிமையாளர் தடுக்கலாம். ஆனால் அங்கேயே நின்று பறித்து உண்பவரைத் தடுக்க முடியாது. கூடையில் கொண்டுபோவதுதான் குற்றம். வாயில் போட்டுக்கொள்வது குற்றமன்று.

விவிலியம் பயின்றவர்க்கு உடனே நினைவுக்கு வருவது இணைச் சட்ட நூலின் இருபத்து மூன்றாம் அதிகாரம். அடுத்தவர் திராட்சைத் தோட்டத்தில் நுழைபவர் பசியாற உண்ணலாம், கலத்தில் எடுத்துச் செல்லக் கூடாது. விளைந்த வயலில் கையால் கதிர் கொய்யலாம், அரிவாள் வைக்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். இயேசுவின் சீடர்கள் ஓய்வு நாளில் கதிர் கொய்தபோது, பரிசேயர் ஓய்வு நாளைப் பற்றிக் கேட்டார்களே அன்றி, 'பிறர் வயலில் ஏன் நுழைந்தீர்கள்?' என்று கேட்கவில்லை. குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது ஓய்வு நாளைப் பற்றியே பக்கம் பக்கமாய் எழுதினோம். வயல் யாருடையது என்று எங்களில் எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பாலை நாட்டு ஆயர்களும் பனி நாட்டு உழவர்களும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்கிறார்கள்: கைக்கும் கலத்துக்கும் இடையே.

நம்மவரிடம் இத்தகைய வழக்கம் இருந்ததில்லையா? இருந்தது. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் எல்லாமே நடப்பவர்க்கு வழி கூறும் நூல்கள் அல்லவா? மலைபடுகடாம், செங்கத்து நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு, பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே, வழுக்கும் பாறை எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வரும் என்றெல்லாம் எச்சரிக்கிறது. எந்தச் சிற்றூரில் உணவு கிட்டும் என்றும் சொல்கிறது. பிற்காலத்திலும் ஊர்தோறும் மந்தைவெளி, மேய்ச்சல் நிலம், ஏரிக்கரை, வண்டிப்பாதை எனத் தீர்வை விதிக்கப்படாத நிலங்கள் இருந்தன. அவற்றுக்குப் புறம்போக்கு என்று பெயர். எல்லார்க்கும் உரியதைக் குறித்த அச்சொல் இன்று சென்னைத் தெருக்களில் வசைச்சொல்லாகிவிட்டது.

ஆனால் பழமையைப் புகழும்போது உண்மையை மறைக்கலாகாது. எல்லார்க்கும் உரிய வழி என்று நாம் சொன்ன வழிகளில் எல்லாரும் நடக்க விடப்பட்டதில்லை. 1924-இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் செல்வதற்காக அன்று, கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக. தந்தை பெரியார் அதற்காகவே சிறை சென்றார். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் தலித் மக்களின் வழியை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். திருச்சபையைச் சேர்ந்த நாமும் கை கழுவிவிட முடியாது. வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதியின் பேரால் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910 வரை இருந்தது. நார்வேயில் நடக்கும் உரிமை என்றால் ஓய்வு நாளில் மலையேறுவது. நம் நாட்டில் அது மனிதனாய் மதிக்கப்படுவது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தவறு என்று சிலர் கூறுவர். நான் அவ்வாறு நினைக்கவில்லை. 'நீ இங்கே நடக்க நான் அனுமதி தர வேண்டும்' என்று ஒருவர் மற்றவரிடம் கூறும்போது, கூறுபவர் பண்ணையாரானாலும் பன்னாட்டு நிறுவனமானாலும், கேட்பவர் சிறிது சிறுத்துப் போகிறார்.

இனி எங்கள் வட்டாரத்துக்கு வருகிறேன். இங்கே நடந்தவர்களுக்கு நிலம் எத்தனையோ கொடுத்திருக்கிறது. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துப் படைத்திடல் அருகே சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி அது. இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் வளர்ந்தது. (அவர் அரசு அலுவலர், ஆங்கிலேயர், திடலில் அவரை எவரும் தடுத்திருக்க மாட்டார்கள். மாடு மேய்த்த சிறுவன் ஒருவன் அதே கல்லை எடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வதுண்டு.) பரங்கிமலையின் கரும்பாறைக்கு 1893-இல் சார்னோகைட் என்று பெயரிட்டார்கள், உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் அப்பெயரைப் படிக்கிறார்கள். அதே பாறையைத்தான் திரிசூலத்திலும் பல்லாவரத்திலும் உடைத்து உடைத்து நகரத்தைக் கட்டினோம். மலை இருந்த இடத்தில் நீர் நிறைந்த பள்ளங்கள். நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிடப்பட்ட கல்குழியின் விளிம்பில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது என்பது ஓர் ஆறுதல். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பெரும்பகுதி கட்டடங்களுக்கு இரையான பின்பு.

நார்வே ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழும் நாடு. பரப்பிலோ தமிழ்நாட்டைப் போல் இரண்டரை மடங்கு. 2011 கணக்கெடுப்பின்படி நாம் 7 கோடிக்கு மேல். அங்கே எல்லாரும் எங்கும் நடக்கலாம், இடம் இருக்கிறது. இங்கே எல்லாரும் நடந்தால் புல் மிஞ்சுமா? இந்தத் தடை வலுவானது. அந்நாட்டிலேயே திரொல்துங்கா என்ற பாறை முனைக்கு, படங்களைப் பார்த்துவிட்டு ஆண்டுதோறும் பல்லாயிரவர் திரளத் தொடங்கியபின், வழி சேறாவதும் மீட்புக் குழுவினர் அலைவதும் தொடர்கதையாகிவிட்டன. உரிமை மட்டும் இருந்து ஒழுக்கம் இல்லாவிடில் மலை தாங்காது.

ஆனால் ஒழுக்கம் எங்கிருந்து வருகிறது? நார்வே மலையேறுவோர் சங்கம் 1868-இல் தொடங்கியது. அதற்கு 500-க்கும் மேற்பட்ட குடில்கள் உள்ளன. அவற்றுள் பலவற்றில் காவலர் இல்லை. உள்ளே அரிசியும் பட்டாணியும் தகரத்தில் அடைத்த மீனும் இருக்கும். போகிறவர் சமைத்து உண்டு, உண்டதைத் தாமே எழுதிவைத்து, பணம் செலுத்தி, அடுத்து வருபவருக்காக விறகு வெட்டி அடுக்கிவிட்டுச் செல்ல வேண்டும். 'திருட மாட்டார்களா?' என்று அந்த அம்மையாரிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "சின்ன வயசிலேயே பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறவை, சுவாமி. அதால பழகியிட்டுது" என்றார். நமக்கோ எதிர் வட்டம். நம் பிள்ளைகள் காட்டுக்குள் விடப்படுவதில்லை; ஆகவே காட்டில் எப்படி நடப்பதென்று கற்பதில்லை; ஒரு நாள் விடப்பட்டால் நெகிழிப் புட்டியை எறிந்துவிட்டு வருகிறார்கள்; அதைக் காட்டி மீண்டும் கதவை அடைக்கிறோம்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. இறந்தவருள் சென்னையிலிருந்து சென்ற இளையோர் பலர். அடுத்த ஞாயிறு மறையுரையில் நான் என்ன சொன்னேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. 'பெற்றோரே, பிள்ளைகளை இத்தகைய இடங்களுக்கு அனுப்பாதீர்கள்' என்றேன். துயரத்தின் சூட்டில் சொன்னது, எளிதாகவும் இருந்தது. நார்வேயிலும் மலை உயிர்களைப் பலி கொண்டிருக்கிறது. அங்கே 1952-இல் மலைக்குச் செல்வோருக்கான நெறிகளை வகுத்தார்கள். 1967 உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் பலர் இறந்தபின் அவற்றை நாடு முழுதும் மீண்டும் பரப்பினார்கள். அந்நெறிகளுள் ஒன்று, காலத்தோடு திரும்பிவிடுவதில் வெட்கமில்லை என்பது. மலையை மூடவில்லை, நடப்பவரைப் பழக்கினார்கள். நம் மாநிலத்திலும் 2018-இல் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழிகளைத் தெரிந்தெடுத்து, முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற மலைவாழ் இளைஞர்களின் துணையோடு நடக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆயினும் அது கட்டணம் கட்டி, விடுப்பு எடுத்துப் போகக்கூடியவர்க்குரியது. ஏரிக்கரைக் குடியிருப்பில் இருக்கும் சிறுவனுக்கு மலை இன்னும் தொலைவில்தான்.

இத்தனையும் எழுதியதன் காரணத்தை இனி மறைப்பதில் பயனில்லை. எங்கள் ஆலய வளாகத்தின் பின்சுவரில் ஒரு சிறு கதவு உண்டு. எனக்கு முன் இருந்த பங்குத்தந்தை சுற்றுச்சுவர் எழுப்பியபோது, ஏரிக்கரை மக்கள் பேருந்து நிறுத்தத்துக்குச் செல்லும் ஒற்றையடிப்பாதை சுவருக்குள் அகப்பட்டுவிட்டதைக் கண்டு, அக்கதவை வைத்தார். நாள்தோறும் காலையில் பள்ளிப் பிள்ளைகள், பூக்காரப் பெண்கள், கட்டட வேலைக்குச் செல்வோர் அவ்வழியே வந்து முன்வாயிலில் வெளியேறுகிறார்கள். பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். சுற்றிச் சென்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல், லாரிகள் ஓடும் சாலையில், ஓரம் இல்லாமல்.

எங்கள் பங்குப் பேரவையில் வழக்கறிஞர் ஒருவர் உள்ளார். நல்லவர், ஆலயத்தின்மேல் பற்றுள்ளவர். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, இருபது ஆண்டுகள் இடையறாமல், வெளிப்படையாக, உரிமையெனக் கருதி ஒரு வழியைப் பயன்படுத்தினால் அது உரிமையாகவே ஆகிவிடும் என்று அவர் விளக்கினார். பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே ஆண்டுக்கொரு நாள் கதவைப் பூட்ட வேண்டும்; 'இது பொது வழி அல்ல; ஆலய நிருவாகத்தின் அனுமதியுடன் பயன்படுத்தப்படுகிறது' என்று பலகை வைக்க வேண்டும். வழியை மூட வேண்டாம். அனுமதி என்று ஆக்கினால் போதும். பேரவையில் எல்லாரும் இதை ஏற்றார்கள். நானும் ஏற்றேன். எவருக்கும் இழப்பில்லையே.

நார்வேச் சட்டத்தைப் படித்தபோது ஒரு நப்பாசையோடுதான் படித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சட்டமும் வழக்கறிஞர் பக்கமே நிற்கிறது. வீட்டு மனையும் வேலியிட்ட தோட்டமும் அங்கும் பொதுவன்று. எங்கள் வளாகம் அப்படித்தான். ஆகவே பனி நாட்டுச் சட்டத்தைக் காட்டி எங்கள் கதவைத் திறக்க முடியாது.

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. அந்நாட்டில் வேலிக்குள் நுழையாதே என்று சொல்ல முடிவது, வேலிக்கு வெளியே ஒரு நாடே திறந்து கிடப்பதால். இங்கே வேலிக்கு வெளியே எதுவுமில்லை. ஏரிக்கரை போயிற்று, மந்தை போயிற்று, மலை போயிற்று. மிஞ்சியிருப்பவை சுவர்களுக்குள் இருப்பவைதாம். வெளி முழுதும் விழுங்கப்பட்ட ஊரில், உள்ளே இருப்பவனின் கடமை முன்னிருந்த அளவிலேயே நிற்குமா? உடைமையைப் பேணும் பொறுப்பு தனியாருடையதாக இருக்கலாம், ஆனால் அதன் பயன் தேவையுற்றோர்க்குப் பொதுவாக இருக்க வேண்டும் என்பது அக்குவினாத் தோமா வகுத்த வேறுபாடு. தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அது ஒரு கதவுச் சாவியைப் பற்றியது என்று அன்று தெரியாது. நடப்பது தேவையா என்று கேட்பவர்கள், லாரிகளுக்கு இடையே ஆறு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துச் செல்லும் தாயைக் கேட்கட்டும்.

மறுபக்கமும் எளிதன்று. முன்பொரு முறை வளாகத்திலிருந்து மின்கம்பி திருடுபோயிற்று. இரவில் குடித்துவிட்டு வருபவர்கள் உண்டு. கன்னியர் இல்லம் அருகிலேயே இருக்கிறது. வழி உரிமையாகிவிட்டால் நாளை அவ்விடத்தில் பள்ளிக் கட்டடம் எழுப்ப முடியாது. அப்பள்ளியில் படிக்கப்போவதும் ஏரிக்கரைப் பிள்ளைகள்தாமே என்று வழக்கறிஞர் கேட்டார். அவர் கேள்விக்கு என்னிடம் இன்றும் முழு விடை இல்லை. நிலம் என்னுடையதன்று, எனக்குப் பின் வருபவருக்காகக் காத்து வைக்க வேண்டியது. இரக்கத்தின் பெயரால் பிறர் பொருளை வாரி வழங்குவதும் ஒருவகைத் தவறுதான்.

எனினும் அனுமதிக்கும் உரிமைக்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் சொல் அன்று. அனுமதியில் நடப்பவர் நன்றி சொல்ல வேண்டும். உரிமையில் நடப்பவர் வணக்கம் சொன்னால் போதும். பதினெட்டு ஆண்டுகளாக அந்த மக்கள் எனக்கும் எனக்கு முன் இருந்தவருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

சென்ற பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, தீர்மானத்தின்படி கதவைப் பூட்டினோம். உபதேசியார் விடியுமுன்பே தாழிட்டு, தாளொன்றில் எழுதி ஒட்டியிருந்தார். காலை ஆறரை மணியளவில் நான் வளாகத்தில் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தபோது, கதவுக்கு அப்பால் பூக்கார அம்மா கூடையைத் தரையில் வைத்துவிட்டு நிற்பதைக் கண்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கம்பிகளினூடே என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "யாராச்சும் தவறிட்டாங்களா சாமி?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் இன்னும் சற்று நேரம் நின்றார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தார். மறுநாள் வழக்கம்போல் வந்தபோது, காரணம் எதையும் கேட்கவில்லை. ஆனால் வாயிலில் ஒரு கணம் தயங்கி, என் அறைப் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே அடி வைத்தார். அதற்குமுன் அவர் அப்படித் தயங்கி நான் பார்த்ததில்லை.

பலகை எழுதி வந்து ஆறு மாதமாகிறது. நீல வண்ணத்தில் வெள்ளை எழுத்து, அழகாகவே எழுதியிருக்கிறார். என் அறையில் அலமாரிக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். அடுத்த பேரவைக் கூட்டம் முதல் ஞாயிறன்று. அதை ஏன் இன்னும் மாட்டவில்லை என்று அன்று கேட்பார்கள்.